கள்ளுக்கு ஏன் சுவைக்குறிப்பு இல்லை?

ஆறாண்டுகளாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதன் முன்பக்கங்களில் கருத்தரங்குகளுக்கும் கள ஆய்வுகளுக்கும் சென்ற ஊர்களில் சுவைத்த ஒயின்கள். பின்பக்கங்களில் கொல்லங்கோட்டிலும் அதைச் சுற்றிய சித்தூர் வட்டத்திலும் அருந்திய கள். முன்பக்கங்கள் எளிதாக நிரம்பின. நிறம், மணம், முதற்சுவை, நடுச்சுவை, விழுங்கியபின் நாவில் நிற்பது என்று கட்டம் கட்டி எழுத ஒரு முறை ஏற்கெனவே உலகில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டேன். பின்பக்கங்களில் முதல் ஓராண்டு முழுதும் ‘இனிப்பு’, ‘புளிப்பு’, ‘நன்று’ என்பவற்றைத் தாண்டிப் பேனா நகரவில்லை. குறை கள்ளினுடையது அன்று என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் ஒயின்கள், சுருக்கமாக.

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் செங்குத்தான பலகைக்கல் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங்கில் எலுமிச்சைத் தோலின் மணமும் பல் கூசும் புளிப்பும் முந்தி நிற்கும். சில ஆண்டுகள் முதிர்ந்த குப்பியைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை எழும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, அத்திராட்சையின் இயல்பு. போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கு 1756ஆம் ஆண்டிலேயே எல்லை வரையறுக்கப்பட்ட ஒயின் நிலம். அங்குள்ள போர்ட் ஒயினில் நொதித்தல் நடந்துகொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து அதை நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை எஞ்சி நிற்கும். பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை என்று பிறர் எழுதுவார்கள். என் நாவில் அது கருப்பட்டியாகவே படிந்தது. ஜார்ஜியாவின் குவெவ்ரி ஒயின் என்னை மிகவும் ஈர்த்தது. தோலோடும் விதையோடும் மண்ணுள் புதைத்த பெரிய தாழிகளில் ஊறும் வெள்ளைத் திராட்சைச் சாறு, தேயிலை வடிநீரின் நிறமும் கடுக்காய் கடித்தாற்போன்ற துவர்ப்பும் பெற்று வெளிவருகிறது. அம்முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

நம் நாட்டில் நாசிக்கின் செனின் பிளாங்கில் பழுத்த கொய்யாவும் சிறிது தேனும் இருந்தன. பெங்களூருக்கு வடக்கே நந்திமலை அடிவாரத்து கேபர்னே-ஷிராஸ் கலப்பில் நாவற்பழமும் மிளகும். இம்மிளகு கற்பனை அன்று. ஷிராஸ் திராட்சையின் தோலில் உள்ள ரோட்டண்டோன் என்னும் சேர்மமே கருமிளகிலும் இருக்கிறது. மிளகுக்காகக் கடல் கடந்து ஒயினைக் கொண்டுவந்தவர்களை எண்ணிப் பார்க்கையில் இவ்வொற்றுமை ஒரு வேடிக்கை.

மொழி பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒயின் குறிப்புகளைத் தமிழாக்குவோர் சாவின்யோன் பிளாங்கின் ‘கூஸ்பெரி’ மணத்தை ‘நெல்லிக்காய்’ என்று எழுதுகிறார்கள். ஐரோப்பியரின் கூஸ்பெரி வேறு தாவரம். நம் நெல்லி வேறு குடும்பம், வேறு சுவை. அகராதி ஒன்றாக்கிய இரண்டு காய்களை நாக்கு ஒன்றாக்காது. மறுபுறம், செவ்வொயினின் டானின் தரும் உணர்வை விளக்க ஆங்கிலப் பாடநூல்கள் பத்திக்கணக்கில் திணறும் இடத்தில், தமிழில் ‘துவர்ப்பு’ என்ற ஒரு சொல் போதும். வாழைப்பூவும் பாக்கும் உண்டு வளர்ந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணிய மொழிக்குச் சுவையைப் பற்றிப் பேச இரவல் சொற்கள் அதிகம் தேவையில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை இதற்கு இன்னும் நல்ல சான்று. இடுக்கி மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் கண்ணில் படும் பந்தல்களில் விளைவது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இதற்கு உழவர்கள் இட்ட பெயர் பன்னீர்த் திராட்சை. மஸ்கட் இனத் திராட்சைகளுக்கு மணம் தரும் ஜெரானியால் முதலிய சேர்மங்கள் ரோஜா எண்ணெயிலும் உள்ளவை. ஆய்வகம் கண்டுசொல்லும் முன்பே பந்தலின் கீழ் நின்றவர்கள் சுவைக்குறிப்பை எழுதிப் பெயராகவே வைத்துவிட்டார்கள்.

பண்டைத் தமிழிலும் இத்திறன் குறைவாக இல்லை. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொணர்ந்த தேறலைக் குறிக்கிறார். அதற்கு அவர் தரும் பண்புகள் இரண்டு: குளிர்ச்சி, மணம். வெறியைப் பற்றி அங்கே பேச்சில்லை. சிறுபாணாற்றுப்படையில் தேறலின் கடுமைக்குச் சினந்த பாம்பு உவமையாகிறது. திருமுருகாற்றுப்படையின் குன்றவர் அருந்துவது மூங்கிற் குழாயில் நெடுநாள் முதிர்ந்த தேன்கள். மணம், கடுமை, முதிர்வு, கொள்கலம் என்று இன்றைய சுவைஞர் பார்க்கும் நான்கும் அங்கே உள்ளன. கள், நறவு, மட்டு, பிழி, அரியல், தோப்பி, தேறல் என்ற சொற்களை உரையாசிரியர்கள் பல இடங்களில் ‘கள்’ என்ற ஒரே சொல்லால் உரைத்துச் சென்றதை நாமும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டோம். அரியல் அரித்தெடுத்தது, தேறல் தெளிந்தது, தோப்பி நெல்லினின்று வீட்டில் சமைத்தது. பொருள் வேறு, செய்முறை வேறு, சுவையும் வேறாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

யவனத் தேறல் வந்த வழியிலேயே கொல்லங்கோடு இருக்கிறது என்பதும் நினைக்கத்தக்கது. கி.பி. முதல் நூற்றாண்டின் எரித்திரியக் கடற்பயணக் குறிப்பு, முசிறிக்கு வந்த சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது. மிகுதியாக அன்று என்றும் சொல்கிறது. பட்டணம் அகழாய்வில் நடுநிலக்கடற் பகுதியின் சாடிச் சில்லுகள் கிடைத்தன. முசிறியிலிருந்து கருவூருக்கும் கொடுமணலுக்கும் செல்ல மலையில் இயற்கை விட்ட வாயில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே. அதன் தென்விளிம்பில், நெல்லியாம்பதி மலையடியில் இவ்வூர். மேற்கிலிருந்து குளிர்ந்த தேறல் சென்ற பாதையில் இன்று கிழக்கிலிருந்து குடிப்பதற்கு ஆட்கள் வருகிறார்கள்: பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோவிந்தாபுரம் வழியாக, கள்ளுக்கடையை நாடி.

இனிக் கள்.

தென்னம்பாளை விரியுமுன் அதைக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவிப் பதப்படுத்துகிறார்கள். சாறு சொட்டத் தொடங்கியபின் காலையும் மாலையும் மரமேறிச் சீவ வேண்டும். ஒரு மரம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தரும். பாளையினின்று சொட்டும் நொடியில் அது ஏறத்தாழ நிறமற்ற இனிப்பு நீர். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை. கலயத்தின் உட்சுவரில் முன்னாள் கள்ளின் ஈஸ்ட் குடியிருப்பதால் நொதித்தல் மரத்தின் உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் லாக்டிக் அமிலத்தின் தயிர்ப்புளிப்பு, அடுத்து ஆல்கஹாலின் சுறுசுறுப்பு, இறுதியில் காடி. கலயத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டால் இவையெல்லாம் நின்றுபோகும். கிடைப்பது தெற்கே பதநீர், கொங்குநாட்டில் தெளுவு. தேறலும் தெளுவும் தெளிதலைக் குறிக்கும் சொற்களே. ஒன்று நொதித்துத் தெளிந்தது, மற்றது நொதிக்காமல் தெளிந்தது.

ஒயினில் ஆண்டைக் கேட்கிறோம். கள்ளில் கேட்க வேண்டியது மணி. கொல்லங்கோட்டுக்கு அருகே ஒரு தோப்பில், நாற்பதாண்டாக மரமேறும் தமிழர் ஒருவர் எனக்கு முதலில் கற்பித்தது அதுதான்: “தம்பி, எட்டு மணிக்கு நீங்க குடிச்சது ஒரு கள்ளு, பதினோரு மணிக்கு அதே கலயத்துல இருக்கறது வேற கள்ளு.” அவர் சொன்னபின் குறிப்பேட்டில் நேரத்தை எழுதத் தொடங்கினேன். பின்பக்கங்கள் அதன்பிறகே பேசத் தொடங்கின.

காலை ஏழரை மணித் தென்னங்கள்: நீர்த்த பால் நிறம், இளநீர் வழுக்கையின் மணம், நாவின் நுனியில் குமிழி, பின்னால் பச்சரிசிக் கழுநீர் போன்ற மெல்லிய மணம். பத்து மணிக்கு இனிப்பு பாதியாகக் குறைந்து, மோரின் புளிப்பு நடுநாவுக்கு வருகிறது. நண்பகலில் பலாச்சுளை பழுத்துக் கனிந்த வாடை, தொண்டையில் சூடு. மாலை நான்கு மணிக்குக் காடி முந்திவிடுகிறது. அப்போது மீன்குழம்பும் கப்பையும் இல்லாமல் அதைக் குடிக்க முடியாது. கடைகளில் காரமான உணவு வந்து சேர்ந்த காரணம் அந்நேரத்தில் புரிகிறது.

பனங்கள் முற்றிலும் வேறு. கோடையில், முதலமடைத் தோப்புகளில் மாங்காய் இறங்கும் காலத்தை ஒட்டி, அது நன்றாக இருக்கும். தென்னங்கள்ளைவிட மெலிந்த உடல், இனிப்பு முன்னால் வராமல் பின்னால் வரும், நுங்கின் தோலைக் கடித்தாற்போல் ஒரு மெல்லிய துவர்ப்பு, கலயத்தின் மண்வாசம். இடுக்கி மலைப்பகுதியில் இறக்கும் சூண்டப்பனைக் கள் மூன்றாவது வகை. கூந்தற்பனை என்றும் ஈழத்தில் கித்துள் என்றும் வழங்கும் மரம் அது. இதில் இனிப்பு அடர்த்தியாகவும் புளிப்பு மந்தமாகவும் இருந்தன. காட்டுத்தேனின் கசப்போரம் ஒன்றும் உண்டு. மலையின் குளிரில் நொதித்தல் மெதுவாக நடப்பதால், சமவெளியில் மூன்று மணி நேரத்தில் ஆகும் மாற்றத்துக்கு அங்கே அரைநாள் ஆகிறது. இதை மோசல் சரிவுகளைப் பற்றிச் சொன்னால் ‘நிலத்தின் சுவை’ என்று தலையசைப்போம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெருநகரங்களில் இப்போது ‘இயற்கை ஒயின்’ என்றொரு மோகம் பரவியுள்ளது. காற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஈஸ்ட்டால் தானே நொதித்தது, வடிகட்டாதது, கலங்கலானது, சற்றே புளித்த வாடை உள்ளது என்பவை அதன் பெருமைகள், விலையும் அதற்கேற்ப. இவை ஒவ்வொன்றும் கள்ளின் இலக்கணம். ஒரே கலங்கல் கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தால் ரசனை, அலுமினியக் கோப்பையில் இருந்தால் அழுக்கு. சில ஆண்டுகளுக்கு முன், கள்ளின் சுவைச்சொற்கள் பற்றிய என் கட்டுரைச் சுருக்கத்தைத் தலைப்பை மாற்றி அனுப்பும்படி ஒரு கருத்தரங்கின் அமைப்பாளர்கள் கேட்டார்கள். ‘கள்’ என்ற சொல் அழைப்பிதழில் வேண்டாமாம். அக்கருத்தரங்கின் நிறைவு விருந்தில் ஒயின் பரிமாறப்பட்டது.

இப்பாகுபாட்டின் விலையை மரமேறுபவர் கொடுக்கிறார். சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறங்கும் கள், அனுமதிச் சீட்டுடன் வண்டியேறிக் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குச் செல்கிறது. பல தோப்புகளின், பல நேரங்களின் கள் ஒன்றாகக் கலந்து, கடையில் வெறும் ‘கள்ளு’ ஆகிறது. எந்தத் தோப்பு, எந்த மரம், எத்தனை மணி என்பதெல்லாம் வண்டியில் ஏறும்போதே அழிந்துவிடுகின்றன. சட்டம் பார்ப்பது ஒரே ஓர் எண்ணை: ஆல்கஹால் விழுக்காடு. தென்னங்கள்ளுக்கு ஒன்றும், பனைக்கும் சூண்டப்பனைக்கும் அதற்குக் குறைவாகவும் கேரள விதிகள் வரம்பிட்டுள்ளன. எண் தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீர் சேர்த்துச் சர்க்கரைப்பொருள் கலந்து மயக்கமருந்து தூவிய ஒன்று அந்த எண்ணுக்குள் அடங்கி நிற்க முடியும். குளோரல் ஹைட்ரேட் கலப்படம் கேரளத்தில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. மாதிரி ஆய்வகம் சென்று முடிவு வருவதற்குள் அன்றைய கள் அன்றே குடிக்கப்பட்டிருக்கும். ஒரே நாளில் பிறந்து முடியும் பானத்தை வாரங்கள் கழித்து வரும் தாளால் காக்க முடியாது. அதைக் காக்கக்கூடியது குடிப்பவரின் நாக்கு. அந்த நாக்குக்குச் சொற்களும் பழக்கமும் வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கும் காலைக் கள்ளின் இனிப்போடு ஒரு கோப்பை வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஐயப்படத் தெரிந்த ஒருவர் மேசைக்கு ஒருவர் இருந்தால் போதும்.

எல்லைக்குக் கிழக்கே நிலைமை இன்னும் விசித்திரம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளிறக்கத் தடை. நொதிக்காத நீராவுக்குப் பின்னாளில் வழி திறந்தது, கள்ளுக்குத் திறக்கவில்லை. ஆலையில் வடித்த சாராயத்தை அரசே 2003 முதல் சில்லறைக் கடைகளில் விற்கிறது. மாநில மரமாகிய பனையினின்று இறங்குவது மட்டும் குற்றம். இதன் விளைவு வணிகத்தோடு நிற்கவில்லை. ஒரு தலைமுறையின் நாவிலிருந்தே ஒரு சுவை போய்விட்டது. பொள்ளாச்சியில் என்னோடு களப்பணிக்கு வந்த இருபத்திரண்டு வயது மாணவர்களுக்குப் பதநீருக்கும் இளங்கள்ளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அவர்களுடைய தாத்தாக்கள் மரமேறியவர்கள்.

எதிர்வாதத்தை நான் எளிதாகக் கடந்துவிட விரும்பவில்லை. மதுவை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே என்று நாராயண குரு சொன்னது, கள்ளிறக்குவதையே குலத்தொழிலாகச் சுமந்த மக்களிடம். தொழிலும் இழிவும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த காலத்தில் அக்கட்டை அறுக்க அது ஒரு வழி. கள்ளுக்கடை மறியற் காலத்தில் பெரியார் தம் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டச் செய்தார். இராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடியால் சிதைந்த வீடுகளை இவர்கள் கண்ணால் கண்டார்கள். கொல்லங்கோட்டில் நானும் கண்டிருக்கிறேன். கணவரின் கூலி மாலைக்குள் கடையில் தீர்ந்துபோகும் வீட்டில் போய் ‘கழுநீர் மணம்’ பற்றிப் பேச எனக்கு நாணம் உண்டு. கேரளம் 1996இல் பட்டைச் சாராயத்தைத் தடை செய்தபோது அதை வரவேற்ற பெண்களின் நியாயத்தை எந்தச் சுவைக்குறிப்பும் மறுக்க முடியாது.

ஆயினும் இவ்வாதம் எல்லா மதுவுக்கும் ஒருபடித்தானது. விருந்து மண்டபத்தின் ஒயினுக்குப் பொருந்தாமல் தோப்பின் கள்ளுக்கு மட்டும் அது பொருந்துவதாக நாம் நடந்துகொள்ளும்போது, அங்கே மதுவிலக்குக்கு வேலையில்லை. சாதியும் வகுப்பும் தான் வேலை செய்கின்றன. ஒயின் தயாரிப்பவர் கலைஞர், கள் இறக்குபவர் கூலி என்ற கணக்கு அதன் மறுபக்கம். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மரங்களின் உச்சியில், இடுப்பில் அரிவாளோடு, எந்தப் பாளையை எவ்வளவு மெல்லியதாகச் சீவினால் மறுநாள் சாறு நிற்காது என்று விரலால் அறிபவரின் அறிவுக்கு நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடவேளைகூட இல்லை.

மாற்று வழிகள் நாட்டிலேயே உள்ளன. கோவாவின் முந்திரிப் பெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. 2016இல் அம்மாநில அரசு அதை ‘நாட்டுச்சாராயம்’ என்ற வகையிலிருந்து எடுத்து மரபுப்பானமாக அறிவித்தது. அசாமின் திமாசா மக்கள் அரிசியில் செய்யும் ஜுடிமாவுக்கு 2021இல் குறியீடு கிடைத்தது. நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்கும் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகமே முந்திரிப்பழத்திலும் அன்னாசியிலும் ‘நிளா’ என்ற பெயரில் ஒயின் செய்து காட்டியிருக்கிறது. பழ ஒயினுக்குக் கிடைத்த ஆய்வக மேசை, அதே மண்ணின் பழைய பானத்துக்கும் கிடைக்க வேண்டும்.

சித்தூர்க் கள்ளுக்குப் புவிசார் குறியீடு கேட்கலாம். ஆனால் பெனியைப் போல் குப்பியில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கும் பொருளன்று இது. ஆகவே குறியீட்டைவிட முந்தி வேண்டுவது கடையின் சுவரில் ஒரு கரும்பலகை. இன்றைய கள் எந்த ஊர்த் தோப்பு, தென்னையா பனையா சூண்டப்பனையா, இறக்கிய நேரம் என்ன என்று அதில் மூன்று வரி எழுதினால் போதும். கலப்பவருக்கு அம்மூன்று வரிகளும் இடைஞ்சல். நேர்மையாக இறக்குபவருக்கு அவை முகவரி. நல்ல பெயர் எடுத்த தோப்பின் கள்ளுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்க முடிந்தால், மரமேறியின் மகன் மரமேறுவதா வேண்டாமா என்பதைத் தானே முடிவு செய்யும் நிலை வரும். இன்று அவனுக்கு முடிவு செய்ய எதுவும் இல்லை. அதனால்தான் மரமேற ஆளில்லை என்று தோப்புக்காரர்கள் புலம்புகிறார்கள்.

சொற்களைச் சேர்க்கும் பணி நம்முடையது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அங்கே பயிலும் மாணவர்களில் பலருடைய உறவினர் இத்தொழிலில் இருப்பவர்கள். வட்டார வழக்கு அகராதிக்குச் சொல் திரட்டும்போது கருவிப் பெயர்களோடு நின்றுவிடுகிறோம்: பாளை, கலயம், அரிவாள். சுவைக்கும் மணத்துக்கும் நொதிப்பின் படிநிலைகளுக்கும் அவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்கள் எழுத்தில் ஏறவில்லை. அவற்றில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும், பிரிக்க முயலாதீர்கள். வரும் பனைப் பருவத்துக்கு முன் இதைத் தொடங்க விரும்புவோர் எனக்கு எழுதலாம். வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குத் தோப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.